கலயத்து ஈரம்

கேள்வி: நார்வே பண்ணை வீடுகளில் பரம்பரையாகக் காய்ச்சும் பீருக்கு நம்மூரில் சொந்தம் உண்டா? (வாசகர், திருநள்ளாறு)

பதில்: உண்டு, தென்னம்பாளையிலேயே தொங்குகிறது! நார்வேயின் வோஸ் பகுதி உழவர்கள் ‘க்வைக்’ என்ற ஈஸ்ட்டை மர வளையத்தில் உலர்த்தி அடுத்த முறைக்குப் பத்திரப்படுத்தினார்கள். காரைக்காலில் அந்த வேலையைப் பழைய கலயமே பார்த்துக்கொள்கிறது. நேற்றைய கள்ளின் ஈரம் அடியில் ஒட்டியிருக்க, சீவிய பாளையிலிருந்து இனிப்புச் சாறு சொட்டச் சொட்ட நுரை கட்டும். உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர்.

க்வைக் 35 டிகிரிக்கு மேலும் உற்சாகமாகப் புளிக்க வைக்கும். குளிர்நாட்டில் பிறந்தாலும் நம் சித்திரை வெயிலுக்கு ஏற்ற மாப்பிள்ளை!

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. காரைக்கால் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கள்ளுக்கடை உண்டு. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தென்னைதான். கள்ளுக்குப் பாளை சீவும் கை மட்டும் அப்பால் சும்மா இருக்கிறது.