விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு

உயர்தர மாணவி, கோமாரி: என்னுடைய கூட்டாளி என்னைப் பார்த்து ‘யூ ஆர் ஸோ ஜட்ஜ்மென்டல்’ என்று சொல்லிவிட்டாள். பாராட்டா, ஏச்சா?

ஏச்சுத்தான், பிள்ளை. அடுத்தவரின் குணத்தைப் பற்றி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடுமையாக முடிவு கட்டுகிறவரைக் குறிக்கும் பெயரடை அது. ‘அவ இப்படிச் செய்தா’ என்றால் செய்தி. ‘அவ அப்படித்தான்’ என்றால் தீர்ப்பு. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் ‘தான்’தான் ஆங்கிலத்தில் ஜட்ஜ்மென்டல். நீங்கள் யாரைப் பற்றிச் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. நானும் ஊகிக்கவில்லை. ஊகித்தால் எனக்கும் அதே பட்டம் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், அக்கரைப்பற்று: அந்தச் சொல்லில் ‘ஜீ’க்குப் பிறகு ‘ஈ’ வருமா, வராதா?

அமெரிக்கர் ஈயை அண்டவிடுவதில்லை. பிரித்தானியர் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு என்று எழுதும்போது அவர்களும் ஈயை விரட்டிவிடுவார்கள். தீர்ப்பில் ஈ மொய்க்கக் கூடாது என்பதில் இரு நாடும் ஒற்றுமை!

மாணவர் குழம்பும் இடம் வேறு. ஜுடிஷல், ஜுடிஷஸ், ஜட்ஜ்மென்டல் மூன்றும் லத்தீன் நீதிபதியின் வழிவந்த பிள்ளைகள். மூத்தவர் நீதிமன்றத்தில் இருக்கிறார். நடுவிலவர் நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் நல்ல மனிதர். கடைசிப் பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது.

ஓட்டோ ஓட்டுநர், பொத்துவில்: அறுகம் குடாவில் நம்முடைய பெண் பிள்ளைகள் பலகை ஏறி அலையில் சறுக்குவதைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது. நான் ஜட்ஜ்மென்டலா?

மனசு ஒரு மாதிரி ஆவது குற்றமில்லை. அதை அடுத்த சவாரிக்காரரிடம் தீர்ப்பாக வாசித்தால்தான் குற்றம். இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் தொடங்கியது உங்கள் அறுகம் குடாவில்தான். அதை முன்னின்று தொடங்கிய ஷமாலி சஞ்சயாவும் கூட்டாளிகளும் அலையைவிட ஊர்ப் பேச்சோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆண் பிள்ளை பலகையோடு போனால் விளையாட்டு, பெண் பிள்ளை போனால் வழக்கு என்றால், கோளாறு கடலில் இல்லை.

மகளுக்கு வரன் பார்க்கும் தாய், சாய்ந்தமருது: மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிறேன். மகள் என்னை ‘ஜட்ஜ்மென்டல் உம்மா’ என்கிறாள்.

மகளிடம் சொல்லுங்கள்: விசாரிப்பது ஜட்ஜ்மென்டலுக்கு நேர் எதிர். மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே கூட்டிவரும் கரை இது. விசாரிக்காமல் இருந்தால்தான் பிழை. ஆனால் நாலு இடத்தில் நல்லதாகச் சொன்ன பிறகும், ஐந்தாம் இடத்தில் ஒரு கெட்ட பேச்சுக் கிடைக்குமா என்று தேடினால், மகள் சொன்னது சரி.

கடைக்காரர், கல்முனை: ஓர் ஆளைத் தீர்ப்பிடுவது சரி, ஒரு சமூகத்தையே தீர்ப்பிட்டால்?

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம்முடைய கரை இரண்டையும் பார்த்தது. சாய்ந்தமருதில் வாடகைக்கு வந்த புதியவர்களின் நடத்தையைப் பார்த்து ஊர்க்காரர்களே சந்தேகப்பட்டார்கள், அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். ஏப்ரல் 26 இரவு அந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. அது நடத்தையைப் பார்த்து வந்த சந்தேகம். அதே வாரங்களில் நாட்டின் பல இடங்களில் முஸ்லிம் பெயர்ப்பலகை உள்ள கடை என்றால் ஏறாதே என்றார்கள். அது பெயரைப் பார்த்து எழுதிய தீர்ப்பு. முன்னதற்குக் கண் வேண்டும். பின்னதற்குக் கண்ணே தேவையில்லை.

இல்லத்தரசி, திருக்கோவில்: இதற்கு வேதங்களில் மருந்து உண்டா?

மூன்று வீட்டிலும் உண்டு. குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், 12ஆம் வசனம் வீண் சந்தேகம், துருவிப் பார்த்தல், புறம் பேசுதல் ஆகியவற்றை இதே வரிசையில் தடுக்கிறது. நோய் வளரும் வரிசையும் இதுவே. மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் பிறரைத் தீர்ப்பிடாதிருக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு 19ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். மருந்துக்குக் குறைவில்லை. எல்லோரும் அதைப் பக்கத்து வீட்டுக்குச் சிபாரிசு செய்வதுதான் சிக்கல்.

இளைஞர், நிந்தவூர்: கொடுத்த கடனைக் கேட்டால் ‘டோன்ட் பி ஜட்ஜ்மென்டல் மச்சான்’ என்கிறான்!

கடனைக் கேட்பது கணக்கு. அதற்கு அந்தச் சொல் செல்லாது. ‘தவணை தவறிவிட்டது, எப்போது தருவாய்?’ என்று தாராளமாகக் கேளுங்கள். ‘அவன்ட குடும்பமே இப்படித்தான்’ என்றால் அவன் ஜெயித்தான், உங்கள் காசும் போச்சு.

வாசகர், மருதமுனை: எப்போதும் அடுத்தவரைத் தீர்ப்பிடுகிறவர்கள் மோசமான ஆட்கள். ஒருநாளும் திருந்தமாட்டார்கள். சரிதானே?

சட்டத்தரணி இல்லை, சாட்சி இல்லை, ஒரேயடியாக ஆயுள் தண்டனை! அவர்களுக்கு மேன்முறையீடாவது உண்டா, ஐயா?