கர்ண மோட்சமும் கிலோபிட்டும்

திரௌபதியம்மன் கோயில் விழாக்களை ஒட்டி விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஆடப்படும் பாரதக் கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நீள்வது வழக்கமாதலால், அதைப் பதிவுசெய்ய முற்பட்ட எவருக்கும் கலையறிவுக்கு முன்பாகக் கணக்கறிவு தேவைப்பட்டது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழைதான் மக்கள் வழக்கில் கேசட் எனப்படுவது. அதில் சி-90 என்னும் வகை பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும். கூத்து எட்டு மணி நேரம் என்று கொண்டால், ஆறு கேசட்டுகள், பதினொரு பக்கங்கள், 45 நிமிடத்துக்கு ஒருமுறை கேசட்டைத் திருப்பிப் போடுவதற்காக விழித்திருக்கும் ஒரு மைத்துனர் ஆகியவை தேவை. இவற்றுள் முதலிரண்டும் கடையில் கிடைத்தன.

ஒலிச்சுருக்கம் என்பது ஒரு பதிவின் செவிக்குப் புலப்படாத பகுதிகளைக் களைந்து, எஞ்சியதைக் குறைந்த இடத்தில் அடைக்கும் முறையாகும். ஓங்கி ஒலிக்கும் ஆர்மோனியத்தின் நிழலில் அதே நேரத்தில் எழும் மெல்லிய ஒலி காதுக்கு எட்டுவதில்லை என்னும் மறைப்பு விளைவே இதன் அடிப்படை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் முன்னின்று வளர்த்து, 1995 ஜூலையில் எம்பி3 என்று கோப்புப் பெயரின் பின்னொட்டைத் தீர்மானித்த முறை இதைத்தான் செய்கிறது. ஆயினும் இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை இச்சுருக்கம் காலத்தால் இரண்டாவது என்றே சொல்ல வேண்டும். நள்ளிரவுக்குமேல் பதிவுக் கருவியின் அருகிலேயே உறங்கிவிட்ட மைத்துனர்கள், மறைப்பு விளைவு முதலிய கோட்பாடுகள் ஏதுமின்றியே, முழுக் காட்சிகளை அப்புறப்படுத்திச் சாதனை படைத்திருந்தனர்.

கணினி வீட்டுக்கு வந்தபின் அடுத்த கட்டம் தொடங்கிற்று. குறுந்தகட்டின் தரம் என்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடங்கள் என்று அமைந்து, நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டுவதால், ஓர் இரவுக் கூத்து ஏறத்தாழ 5 ஜிபி இடத்தைப் பிடிக்கும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் 460 எம்பி அளவில் நின்றுவிடும். சுருக்கம் பதினொன்றுக்கு ஒன்று என்பதாலும் பக்கங்கள் பதினொன்று என்பதாலும், பதினொரு பக்கக் கூத்தும் ஒரு பக்கத்தின் இடத்தில் அடங்கிவிடுகிறது. பொறியியல் வேண்டிச் செய்த பொருத்தமல்ல இது. கூத்தின் பெருமை என்று ஊரார் கொண்டாடினால் மறுப்பதற்குமில்லை.

கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றாமல் வரிசையில் நிறுத்திவிட்டு, கணினியே ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கட்டும் என்று விடுவதைத் தொகுதி மாற்றம் என்பர். 1998இல் தொடங்கிய லேம் என்னும் இலவசக் குறியாக்கி பல மென்பொருள்களுக்குள் அமர்ந்து இவ்வேலையைச் செய்துவந்தது. வரிசையை ஓடவிட்டு உறங்கப்போவதே குடும்பங்களின் நடைமுறையாக இருந்தது. ஆனால் 2012ஆம் ஆண்டையொட்டிய மின்வெட்டுக் காலத்தில், மேசைக் கணினி மூன்றாம் கோப்பின் நடுவே அணைய, யூபிஎஸ் சிறிது நேரம் ஒப்பாரி வைத்துவிட்டு ஓயும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் நோக்கம் மாணவர் கல்வியே எனினும், அக்கணினிகளில் மின்கலம் இருந்ததால் பாரதப் போரும் தடையின்றி நடந்தேறியது என்பதைக் கல்வித்துறை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மாற்றியபின் கேட்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். எம்பி3 முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களாக, அதாவது நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்த துண்டுகளாக, வெட்டிக்கொண்டு கணக்கிடுகிறது. கைத்தாளத்தின் திடீர் அடி ஒரு துண்டின் நடுவே விழுந்தால், கணக்கின் பிழை துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்பே ஒரு மெல்லிய சீறலாகக் கேட்கும். இதற்கு முன்னெதிரொலி என்று பெயர். தாளக்காரர் அடிப்பதற்குள் தாளம் வந்துவிடுவதை எந்த ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாரும் மன்னித்ததில்லை.

இதனினும் பெரிய கேடு பெயரிடுவதில் நேர்கிறது. பதினொரு கோப்புகளுக்கும் 1 முதல் 11 வரை எண்ணிட்டு மெமரி கார்டில் ஏற்றினால், பெயர்களை எழுத்துவரிசையில் அடுக்கும் மலிவுக் கருவிகள் ஒன்றையடுத்துப் பத்தையும் பதினொன்றையும் இசைத்துவிட்டு இரண்டுக்குத் திரும்பும். ஆகவே கர்ண மோட்சக் கூத்தில், தொடக்கி வைக்கும் கட்டியங்காரன் வந்துபோன சூட்டிலேயே கர்ணன் மாண்டு மோட்சம் எய்தி, பின்னர் எழுந்துவந்து மனைவி பொன்னுருவியிடம் போருக்கு விடைபெறுவான். 01, 02 என்று எண்ணிட்டால் கூத்து வகுத்த வரிசை மீளும்.

கோப்புக்குள் பொதிந்துவைக்கும் தலைப்புக் குறிப்பின் பழைய வடிவம் 30 பைட்டுகளே கொண்டது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும், புள்ளியும் உயிர்க்குறியும் உட்பட, மூன்று பைட் கேட்பதால், பத்துக் குறிகளுக்கே அங்கு இடமுண்டு. திண்டிவனம் பத்துக் குறிகளில் கச்சிதமாக அமர்ந்துவிடுகிறது. பதினொரு குறிகள் கொண்ட விழுப்புரமோ மாவட்டத் தலைநகர் என்ற மரியாதைகூட இல்லாமல் கடைசிப் புள்ளியை இழந்து 'விழுப்புரம' என்று நிற்கிறது.

கைப்பேசியில் 12.2 கிலோபிட் ஏஎம்ஆர் வடிவில் பிடித்த கூத்தை 320 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் தரம் உயரும் என்ற நம்பிக்கை இன்றும் வலுவாக உள்ளது. கோப்பு இருபத்தாறு மடங்கு பெருப்பதும், பதிவில் இல்லாத முகவீணை அதனால் வந்துவிடாததும் மட்டுமே இதில் உறுதியானவை. 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற பலகையின் கீழ் கைமாறிக் கைமாறி மறுபடியும் மறுபடியும் சுருக்கப்பட்ட பதிவுகள், ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது இழந்து, இறுதியில் கர்ணனும் அர்ச்சுனனும் ஒரே குரலில் பேசும் சமரசத்தை எட்டிவிடுகின்றன. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்பதற்குக் குறையாமல், சுருக்காமல் சேமிக்கப் பரிந்துரைப்பது இதனால்தான். வன்தட்டு மலிந்துவிட்ட இந்நாளில் அப்பரிந்துரையை மீறுவதற்கு வீட்டாரிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. ஆகவே, எம்பி3 கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அந்த ஆறு கேசட்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். போடுவதானால், ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை சுருக்காத கோப்பாக ஏற்றிய பிறகாவது போடுங்கள்.