பங்களிப்புச் சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! நிரல் ஒரு வரியும் எழுதாமல் நிரலுலகை வென்றவரும், ரீட்மீ கொண்டவரும், இலவச டி-ஷர்ட் தரித்த திருமேனியருமாகிய ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புச் சக்கரவர்த்திகளின் புகழைப் பாடப் புகுந்தோம்.

சாமானியர் ஒரு திட்டத்துக்குப் பங்களிக்க விரும்பினால் முதலில் அந்த மென்பொருளைப் பயன்படுத்திப் பார்ப்பார்களாம். பங்களிப்பு விதிகளைப் படிப்பார்களாம். இந்தப் பிழையை வேறு யாரேனும் கையிலெடுத்திருக்கிறார்களா என்று இஷ்யூவில் கேட்பார்களாம். டெஸ்ட் எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகே, தம் திருத்தத்தை ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார்களாம். ஐயோ, எத்தனை கோழைத்தனம்! நம் பெருமான் திட்டத்தை நகலெடுக்கும் ஃபோர்க் பொத்தானை ஒருமுறை அழுத்துவார், படையெடுப்பு முடிந்தது.

2020 அக்டோபரில் அவர் ஆடிய திருவிளையாடலை என்னென்பது! டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் விழாவில், நான்கு புல் ரிக்வெஸ்ட் கொடுத்தால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். மென்பொருளைச் செம்மைப்படுத்தச் சொல்கிறார்கள் என்று மந்தமதியினர் நினைத்துக்கொண்டார்கள். மதியூகியான நம் மன்னரோ முன்பின் அறியாத ஒரு திட்டத்தின் ரீட்மீ என்னும் அறிமுகக் கோப்பைத் திறந்து, தலைப்பருகே 'அற்புதமான திட்டம்' என்று ஆங்கிலத்தில் பொறித்து, 'ஆவணத்தை மேம்படுத்தினேன்' எனச் சாசனமும் எழுதி அனுப்பினார். ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு இந்த இரண்டொரு சொல் தோன்றாமல் போயிற்றே! எச்.டி.எம்.எல். தரநிலையை எழுதுவோரின் களஞ்சியமும் இந்த அருள்மழைக்குத் தப்பவில்லை. அக்டோபர் 3ஆம் தேதியே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்குத் தரும் பங்களிப்பே கணக்கில் வரும் என்று விழா நடத்துவோர் விதியை மாற்றினார்கள். ஒரு நிறுவனத்தின் சட்டத்தை மூன்றே நாளில் திருத்தவைத்த பேரரசர் வேறெவர் உண்டு?

பராமரிப்பாளர்கள்மேல் அவர் வைத்த கருணையோ கரையற்றது. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, சம்பளமின்றித் திட்டத்தைக் காக்கும் அந்த ஏழைகள், இவர் இல்லாவிட்டால் இரவில் தூங்கித் தொலைப்பார்கள். அனுப்பியதைத் திறந்து, படித்து, மறுப்புக்குக் காரணம் எழுதி, மூடும் திருப்பணியை அவர்களுக்கு அருளுகிறார். சற்றே தாமதித்தால் 'என்ன ஆச்சு?' என்று நினைவூட்டவும் மறப்பதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்றொரு அமைச்சர் வாய்த்திருக்கிறார். இல்லாத பாதுகாப்புப் பிழைகளையும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பதில் வல்லவர். டேனியல் ஸ்டென்பெர்க் பேணிவரும் கர்ல் என்னும் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில், பிழை கண்டு சொல்வோருக்கு 2019 முதல் பொற்கிழி கொடுத்துவந்தார்கள். சக்கரவர்த்திகளின் போலி அறிக்கைகள் வந்து குவிந்ததில் 2026 ஜனவரியோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். உண்மையான பிழையைக் கண்டுபிடிப்பவர்களையும் பொருளாசையிலிருந்து மீட்ட இந்த ஞானத்தை என்ன சொல்லிப் புகழ்வது!

ஆகவே பராமரிப்பாளர்களே, சக்கரவர்த்திகள் உங்கள் களஞ்சிய வாசலில் எழுந்தருளும்போது, பிழை திருத்தும் அற்ப வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மெர்ஜ் செய்யுங்கள். உங்கள் திட்டம் என்ன செய்கிறது என்று அவரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். அடுத்த வாரம் அவருக்குக் கேம்பஸ் இன்டர்வியூ; ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரிதான் பாக்கி.