செகண்ட் ஓனரின் காவலர்

மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வாசலில் சாம்பல் நிற உறை போர்த்திய கார். அதன் பக்கத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பவர்தான் அந்தக் காருக்கும் சொந்தக்காரர்.

கார் எடுத்து மூன்று வருஷம் நிறையப் போகிறது. சீட்டின் பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. மே மாதத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை தனியாகத்தான் வரும். "பிரிச்சா ரீசேல் வேல்யூ போயிடும் சார்." எண்ணெய் வைத்த தலை ஹெட்ரெஸ்டில் சாயக் கூடாது. திருப்பதி லட்டுக்கும் டிக்கியில்தான் இடம். முகம் தெரியாத அந்த செகண்ட் ஓனர் மனம் நோகக் கூடாதல்லவா? இவ்வளவு கரிசனம் ஃபர்ஸ்ட் ஓனரின் மனைவிக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையை விலக்கி, பேட்டரி இறங்காமலிருக்கப் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவார். எலி ஒயரைக் கடிக்காமலிருக்க பானெட்டுக்குள் புகையிலை வைப்பார். மறுபடி உறை. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றனவே, அந்த வருஷம் இவருடைய கார் போன பெரிய பயணம் அதுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "இன்ஷூரன்ஸ்காரர்கள் காரின் மதிப்பைக் காலண்டரைப் பார்த்துத்தானே குறைக்கிறார்கள்? ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வரை 30. வண்டி ஓடியதா, உறைக்குள் தூங்கியதா என்று கேட்பதே இல்லையே."

"அது இன்ஷூரன்ஸ்காரன் கணக்கு. வாங்கறவன் மீட்டரைத்தான் பார்ப்பான்."

சரி, மீட்டர் கணக்கே போடுவோம் என்றேன். ஷோரூம் விலை எட்டு லட்சம். 30 சதவீதம் கழிந்தால் 2,40,000 ரூபாய் கரைந்துவிட்டது. ஓடியது 6,000 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு 40 ரூபாய். பெட்ரோல், கடன் வட்டி, ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தானே நானும் சொல்றேன்! கிலோமீட்டருக்கு நாப்பது ரூபா கொடுத்து யாராவது கார்ல போவாங்களா?"

சொல்லிவிட்டு, ஏர்போர்ட் போவதற்குக் கால் டாக்ஸி புக் பண்ணினார்.

போன மாதம் காரை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து ஒரு புரோக்கரை வரவழைத்தார். உறையை அவரே பக்தியோடு விலக்கினார். புரோக்கர் சுற்றிவந்து பார்த்தார். ஒரே இடத்தில் நின்று நின்று டயர் அடி தட்டையாகியிருக்கிறது, நாலும் மாற்ற வேண்டும் என்றார். பேட்டரியும் தேறாது என்றார். எதற்கும் நம்மவர் அசையவில்லை. சாவியைத் திருப்பி மீட்டரைக் காட்டினார்.

புரோக்கர் எட்டிப் பார்த்தார். பிறகு நம்மவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க சார். மீட்டரை எவ்வளவு திருப்பி வச்சீங்க?"