செஞ்சி முற்றுகையும் கீழ்த்தாடை முன்னகர்வும்: ஓர் ஆய்வு

முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698இல். உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் அதற்குள் நழுவிவிட்டார். எட்டு ஆண்டு தாக்குப்பிடித்த அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். வரலாற்றாசிரியர்கள் இதற்குத் துணிச்சல், பீரங்கி என்று காரணம் அடுக்குகிறார்கள். அன்றிரவு காவலர்களில் எத்தனை பேர் குறட்டை விட்டார்கள் என்று ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை பிறந்ததே அந்தக் குறையைப் போக்கத்தான்.

ஆய்வுக்கு முதல் இடைஞ்சல் சாட்சியம். குற்றம் நடக்கும்போது குற்றவாளி தூக்கத்தில் இருக்கிறார். எழுப்பிக் கேட்டால், “நானா? சும்மா கண்ண மூடிக்கிட்டு இல்ல படுத்திருந்தேன்!” என்பார். பகலெல்லாம் வெயில் குடித்த பாறைக் குன்றுகள் இரவிலும் அனல் விடும் ஊர் செஞ்சி. சித்திரையில் மொட்டைமாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அங்கே ஒருவர் விடும் குறட்டை அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் பொதுச்சொத்து.

இனி உடற்கூறு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. காற்றுக்கு வழி குறுகுகிறது. அந்தச் சந்தில் முண்டியடித்து நுழையும் காற்றில் உள்நாக்கும் மென்அண்ணமும் படபடக்கின்றன. எல்லா இரைச்சலும் இவ்வளவுதான்.

நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடை எலும்பில் வேர் பிடித்திருக்கிறது. ஆகவே தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து நிறுத்தினால் நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். பிரான்சில் பியேர் ரோபின் 1902இலேயே, தாடை சிறுத்த குழந்தைகளுக்காக இப்படி ஒரு சாதனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று பல் மருத்துவர் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அளவெடுத்து இரண்டு தட்டுகள் செய்து இணைத்துத் தருகிறார். அளவெடுப்பது தனிக் கூத்து. குழைத்த மாவை ஒரு கரண்டித் தட்டில் அப்பி வாய்க்குள் அழுத்துவார்கள். அது இறுகும்வரை மூக்கால் மூச்சுவிட்டு, கடைவாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்க வேண்டும். வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பதித்துக்கொள்ளும் மலிவு வகையும் உண்டு. அது எல்லாருடைய பல்லிலும் சரியாக உட்காராது.

மாட்டிக்கொண்ட முதல் சில வாரங்களில் தலையணை நனையும். காலையில் தாடை வலிக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சற்று நேரம் ஒன்றோடொன்று பேசாது. இட்லி சாப்பிடலாம், முறுக்கு வேண்டாம். ஆண்டுக்கணக்கில் போட்டால் கடி சற்று மாறவும் கூடும் என்பதால் மருத்துவரிடம் அவ்வப்போது காட்ட வேண்டும். இவ்வளவு தொல்லையும் மாட்டியவருக்கு; தூக்கமோ பக்கத்தில் படுத்தவருக்கு. ஒருவர் வாயில் போட்டு இன்னொருவர் காதுக்குச் செய்யும் வைத்தியம் உலகில் வேறு இருக்கிறதா என்று இந்த ஆய்வாளர் தேடிவருகிறார்.

இந்தச் சாதனம் பிடித்துநிற்கப் பல் வேண்டும். குறட்டையோ பல் போன வயதிலும் ஓயாது. அவர்களுக்காகவே போலும், ஒரு சிறு குமிழுக்குள் நாக்கு நுனியை உறிஞ்சிப் பிடித்து முன்னால் நிறுத்தும் கருவியை 1982இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதை மாட்டிக்கொண்டவர் இரவில் கதவைத் திறக்கப் போகாமலிருப்பது நல்லது.

விளையாட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். குறட்டை திடீரென்று நின்றால் வீட்டிலுள்ளவர் “அப்பாடா” என்று புரண்டு படுப்பார். கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்புவது அடிக்கடி நடந்தால், அது தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயாக இருக்கலாம். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவதும் அதன் அடையாளம். அப்படிப்பட்டவர் கடையில் தட்டு வாங்குவதற்கு முன் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தட்டே பிடிக்காதவர்களுக்கும் வழியுண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் பழகியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சடைப்பும் குறைந்ததாக ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒன்று 2006இல் சொன்னது. அதற்கு 2017இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் சமாதானப் பிரிவில். செஞ்சி வட்டாரத்து நாகஸ்வரக்காரர்கள் குறட்டை விடுகிறார்களா என்று அவர்கள் வீட்டம்மாக்களிடம் கேட்பதுதான் ஆய்வின் அடுத்த கட்டம். அதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் தயாராகிறது.