ஒப்பந்த வேலை: இருப்பதா, கிளம்புவதா?

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் ஏஜென்சி மூலம் ஆறு வருடமாகக் கணினி இயக்குநராக இருக்கிறேன். வேலையில் துளியும் பிடிப்பில்லை. பக்கத்து மேஜையில் இருப்பவர் இதே வேலைக்குப் பல மடங்கு சம்பளம் வாங்குகிறார். ‘சீக்கிரம் பர்மனென்ட் ஆக்கிடுவாங்க, பொறுமையா இரு’ என்கிறார்கள். நான் இலவு காத்த கிளியா?

பதில்: கிளிக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. காய் வெடிக்கும் வரை உள்ளே இருப்பது பழமா பஞ்சா என்று கிளிக்குத் தெரியாது. நீங்கள் இன்று மாலையே தெரிந்துகொள்ளலாம். உங்கள் பணி ஆணையை எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டிலும் ஏஜென்சியின் பெயர்தான் இருக்கிறது என்றால், நீங்கள் உட்கார்ந்திருப்பது அரசு நாற்காலியாக இருந்தாலும் காகிதத்தில் உங்கள் முதலாளி அந்த ஏஜென்சிதான். ‘ஆக்கிடுவாங்க’ என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பர்மனென்ட் ஆக்கும் ஆணையில் கையெழுத்திடும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒன்றைத் தெளிவாக்கியது: ஒரு வேலையில் ஒப்பந்த முறையையே அரசு தடை செய்தாலும், அங்கே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் தானாக அந்த நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார். ஒப்பந்தமே வெறும் போலி என்று நிரூபித்தால்தான் கதை மாறும். அடுத்து 2006 ஏப்ரல் 10இல் வந்தது உமாதேவி தீர்ப்பு. முறையான தேர்வின் வழியாக வராதவர், எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதை மட்டும் காட்டிப் பணிவரன்முறை கேட்க முடியாது என்றது. ஒப்பளிக்கப்பட்ட காலியிடத்தில் பத்தாண்டுக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, கதவைத் திறந்துவிட்டது. ஆக, வருடங்கள் கூடக்கூட உரிமையும் கூடும் என்ற கணக்கு, ஏஜென்சி வழியாக வந்தவருக்குப் பொருந்துவதில்லை. காத்திருப்பு உங்கள் பக்கம் எதையும் சேர்க்கவில்லை. போட்டித் தேர்வுக்கான வயது வரம்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஆனால் சமீபத்தில் தற்காலிக ஊழியர்களுக்குச் சாதகமாகவும் தீர்ப்பு வந்ததே? 480 நாள் சட்டமும் இருக்கிறதே?

பதில்: வந்தது, நெஞ்சு நிமிர வைக்கும் தீர்ப்புதான். மத்திய நீர்வள ஆணையத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தவர்களை 2018இல் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களைப் பணிவரன்முறை செய்ய உத்தரவிட்டது. உமாதேவி தீர்ப்பைக் காட்டி நீண்டகால ஊழியரை ஏய்க்கக் கூடாது என்றும் கண்டித்தது. இந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இதில் உங்களுக்கான பாடத்தைக் கவனியுங்கள். அவர்களை வேலைக்கு வைத்தது அந்த அலுவலகமே, இடையில் ஏஜென்சி இல்லை. அப்படியிருந்தும் நியாயம் கிடைக்க ஆறு வருடம் ஆனது, அந்த ஆறு வருடமும் அந்த வேலை இல்லாமல்தான் போராடினார்கள். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்வது உண்மை. அது தொழிற்சாலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து, கடை போன்ற நிறுவனங்களுக்கானது. அரசுத் துறை அலுவலகத்துக்கு அதை நீட்டுவது கடினம். உங்களுடையது தொழிற்சாலையாக இருந்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். அப்போது ‘விடாதீர்கள், சங்கத்தில் சேருங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன்.

கேள்வி: பத்து வருடம் முடித்தால் பி.எஃப். பென்ஷன் உண்டாமே. இன்னும் நாலு வருடம்தானே? வீட்டிலும் ‘கால் காசானாலும் கவர்மென்ட் காசு’ என்கிறார்கள்.

பதில்: பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். அந்தப் பத்தும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. பி.எஃப். பிடிக்கும் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், அதே யூஏஎன் எண்ணில் பழைய ஆறோடு புதிய வருடங்களும் கூடும். கிளம்பும்போது பென்ஷன் பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பணிக்கொடைக்கும் இதே ஏஜென்சியிடம் ஐந்து வருடத் தொடர் பணி முடிந்திருந்தால் உரிமை ஏற்கெனவே உங்களுடையது. இடையில் ஏஜென்சி மாறியிருந்தால் சிக்கல், அதையும் பாஸ்புக்கே காட்டிக்கொடுக்கும். வீட்டில் சொல்லும் பழமொழியைப் பெற்றெடுத்ததே ஓய்வூதியமும் பணிப் பாதுகாப்பும்தான். இரண்டும் இல்லாத இடத்தில் கால் காசு வெறும் கால் காசுதான். வீட்டாரோடு சண்டை வேண்டாம். அந்தப் பாஸ்புக்கை அவர்களிடமும் காட்டுங்கள்.

பிடிப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘சாப்பாட்டுக்கே திண்டாடும்போது பிடிப்பெல்லாம் ஆடம்பரம்’ என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசியாகப் புதிதாக எதைக் கற்றேன் என்று கேட்டால் பதில் வராத வேலை, அடுத்த வேலைக்கான நேர்காணலிலும் உங்களைப் பேச்சற்றவராக நிறுத்தும். சலிப்பு அதைத்தான் முன்கூட்டியே சொல்கிறது, அதை மதியுங்கள். அதற்காக நாளைக்கே ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் நின்றால் தடுமாறும் குடும்பத்தில் கோபத்தோடு வெளியேறுவது தவறு. இந்த வேலையை, கிளம்பும் வரை சோறு போடும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேதி குறியுங்கள், ஒன்றரை வருடத்துக்கு மேல் போக வேண்டாம். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். மாலை நேரத்தில் அதற்கு உட்காரலாம். தேர்வில் மனமில்லை என்றால் கணக்குப் பதிவோ ஜிஎஸ்டி வேலையோ கற்றுக்கொண்டு தனியாரில் தேடலாம். தேதிக்குள் அலுவலகம் உண்மையாகவே காலியிடம் அறிவித்தால் முதல் ஆளாக விண்ணப்பியுங்கள்.

இப்போதிருந்தே பணி ஆணை, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் நகல், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை வழக்குப் போட்டாலும், வேறு வேலைக்குப் போனாலும் இவைதான் சாட்சி. கிளம்பும் நாளில் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி சம்பள பாக்கி வைத்தால் அலுவலகத்திடமே எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்ததாரர் கொடுக்காத கூலியை முதன்மை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.