குட்டை நாய்க்கு வாய்த்த ராஜயோகம்

கேள்வி: 1930, 40-களில் அமெரிக்கச் சீமாட்டிகள் அணிந்த ப்ரூச்சுகளிலும், அக்காலத்து உப்புக் குடுவை, சாம்பல் கிண்ணம் முதலியவற்றிலும் ஸ்காட்டிஷ் டெரியர் என்னும் கறுப்புக் குட்டை நாயே காணப்படுகிறதே; லட்சணமான நாய்கள் எத்தனையோ இருக்க, இதற்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

பதில்: லட்சணம் வளர்ப்பவருக்கு அவசியம்; சித்திரக்காரருக்கோ நிழலைப் பார்த்த மாத்திரத்தில் ஆசாமி இன்னாரென்று தெரிந்தால் போதும். கண், மூக்கு எதுவும் வரையாமல், நீண்ட சதுர முகம், அதன் கீழே ரிஷிகளுக்கே உரிய தாடி, நிமிர்ந்த காது, விறைத்த வால், தரையைத் தொட்டும் தொடாத வயிறு என்று கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து வைத்தாலும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியக்கூடிய நாய்கள் உலகில் அதிகமில்லை. பொருளாதார மந்தத்தால் பொன் எட்டாக்கனியாகிவிட்ட அந்நாளில், 1907-இல் பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்லைட் என்னும் பிளாஸ்டிக்கைச் செதுக்கி, பளபளவென்று மெருகேற்றி, கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டையும் தீட்டிவிட்டால் ஆபரணம் தயார்.

போதாக்குறைக்கு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மாளிகைக்கே 1940-இல் ஃபாலா என்ற ஸ்காட்டி குடிபுகுந்தது. அதை ஏதோ ஒரு தீவில் மறந்துவிட்டு, அழைத்துவர யுத்தக் கப்பலை அனுப்பினார் என்று எதிர்க்கட்சியார் கிளப்பிய புகாருக்கு, 1944 தேர்தல் பிரசாரத்தில் அவர், ஏச்சுப் பேச்சைத் தாமும் தம் குடும்பத்தாரும் பொறுத்துக்கொண்டாலும், சிக்கனத்துக்குப் பேர்போன ஸ்காட்லாந்து ரத்தம் ஓடும் ஃபாலாவினால் இந்தச் செலவுக் கணக்கைப் பொறுக்க முடியவில்லை என்ற பொருள்பட விடையளித்து, சபையைச் சிரிப்பில் ஆழ்த்தினார். வாயே திறக்காமல் கட்சிக்கு இவ்வளவு உபகாரம் செய்த பிரமுகரை அமெரிக்க அரசியலில் வேறு எங்கும் நான் கண்டதில்லை. அவரை மார்பில் குத்திக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?